லைசென்ஸ் நிறுத்தப்பட்ட பின் துப்பாக்கி வீட்டுப் பீரோவில் இருக்கலாமா?

கேள்வி:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 52 வயது. வீரவநல்லூர் பக்கம் நெல் வியாபாரம். ஊர் ஊராகப் போய்க் களத்திலேயே ரொக்கம் கொடுத்து நெல் எடுக்கிற தொழில் என்பதால் 11 வருடமாக பாயிண்ட் 32 ரிவால்வர் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். இதுவரை என் மேல் ஒரு புகார் கிடையாது. போன ஐப்பசிக் கடைசியில், கன்னடியன் கால்வாய் மடையில் தண்ணீர் திருப்புவதில் எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் தகராறு. வாய்ச்சண்டை கைகலப்பு ஆகிவிட்டது. நான் துப்பாக்கியைக் காட்டிச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டியதாக அவன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். என்னைக் கைது செய்து, பாளையங்கோட்டை ஜெயிலில் 6 நாள் இருந்து ஜாமீனில் வந்தேன். நானும் அவன் மேல் எதிர்ப்புகார் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ரிவால்வர் என் இடுப்பில் இருந்தது உண்மை. ஆனால் நான் எடுக்கவே இல்லை. சட்டையைத் தூக்கிக் காட்டினேன் என்கிறான்.

கலெக்டர் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதில் எழுத வேண்டியதில்லை என்று தெரிந்தவர்கள் சொன்னதால் விட்டுவிட்டேன். இப்போது 'வழக்கு முடியும் வரை' லைசென்ஸை நிறுத்தி வைத்து உத்தரவு வந்திருக்கிறது. உத்தரவுத் தேதிக்கு 3 வாரம் ஆகிறது. நகல் இணைத்துள்ளேன். இதற்கிடையில் ஊர்ப் பெரியவர்கள் பேசி நானும் தம்பியும் சமாதானம் ஆகிவிட்டோம். அடுத்த வாரம் சப்-கலெக்டர் ஆபீஸில் 107-க்கு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள். பிசான அறுவடை தொடங்கிவிட்டது. லைசென்ஸ் எப்போது திரும்பக் கிடைக்கும்? வழக்கில் விடுதலை ஆனால் தானாக வந்துவிடுமா? ரிவால்வரை இதுவரை யாரும் கேட்கவில்லை, வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது.

பதில்:

அண்ணாச்சி, கடைசி வரியாக, போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். லைசென்ஸ் எப்போது வரும் என்பதைப் பிறகு பேசுவோம். அந்த ரிவால்வர் நாளைப் பொழுது சாய்வதற்குள் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

லைசென்ஸ் நிறுத்தப்பட்ட அன்றே அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை போய்விடுகிறது. யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை. ஆயுதச் சட்டம் 1959-இன் 21-ஆம் பிரிவுப்படி, தாமதமில்லாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைப்பது உங்கள் பொறுப்பு. தோட்டாக்களும் சேர்த்துத்தான். லைசென்ஸ் புத்தகத்தையும் கலெக்டர் ஆபீஸில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது 17(10) பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், 5 வருடம் வரை சிறை. உங்கள் மேல் இப்போது இருக்கும் அடிதடி வழக்கை எப்படியும் சமாளிக்கலாம். நாளைக்கே யாராவது ஒரு போன் போட்டு, வீட்டில் சோதனை நடந்து, பீரோவில் துப்பாக்கி இருந்தது என்று ஒரு மகஜர், அதாவது கைப்பற்றிய பதிவு, எழுதிவிட்டால் அதைச் சமாளிப்பது பெரும்பாடு. லைசென்ஸும் அத்தோடு போச்சு.

'எலெக்‌ஷன் நேரத்தில் ஸ்டேஷனில் கொடுத்து வாங்குவோமே, அது மாதிரிதானே' என்று நினைக்காதீர்கள். அப்போது லைசென்ஸ் உயிரோடு இருக்கும், துப்பாக்கி மட்டும் பாதுகாப்புக்காகப் போய்த் திரும்பும். இப்போது லைசென்ஸே தூங்குகிறது.

ஒப்படைக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ரசீது. எனக்குத் தெரிந்த ஒரு ராணுவ ஓய்வுக்காரர், தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை ஒரு ஸ்டேஷனில் கொடுத்தார். ரசீதில் 'துப்பாக்கி 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து வழக்கு முடிந்து வாங்கப் போனோம். சாக்கில் சுற்றி, ஓதம் ஏறிய சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். சாக்கைப் பிரித்தால் அடிக்கட்டையில் வெள்ளைப் பூஞ்சை, குழலை மடக்கித் திறக்கிற நெம்புகோல் அசையவே இல்லை. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கொடுக்கும்போது நல்ல நிலையில் இருந்தது என்று நிரூபிக்க அந்த ரசீதில் ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே, ரசீதில் துப்பாக்கியின் எண், தயாரிப்பு, பாயிண்ட் 32 என்ற அளவு, 'நல்ல நிலையில் உள்ளது' என்ற வாக்கியம், தோட்டா எத்தனை என்பது, தேதி, நேரம், வாங்கியவர் கையெழுத்து, ஸ்டேஷன் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் எண் தெரிகிற மாதிரி நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். முடிந்தால் துப்பாக்கிக் கடையிலேயே ஒப்படைப்பது நல்லது. மாத வாடகை கேட்பார்கள், ஆனால் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கொண்டுபோகிற வழியிலும் கவனம் வேண்டும். இன்றே இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, இந்த எண் உள்ள ரிவால்வரை நாளை காலை ஒப்படைக்க வருகிறேன் என்று நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். தோட்டாவை வெளியே எடுத்துத் தனிப் பையில் வையுங்கள். உங்கள் வக்கீலையோ ஒரு பெரிய மனிதரையோ கூட வைத்துக்கொண்டு பகலில் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். வழியில் டீக்கடை கூட வேண்டாம்.

பறிபோய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை. ஒப்படைத்த ஆயுதத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்ப வாங்காவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று 21-ஆம் பிரிவு சொன்னாலும், லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் காலத்தில் அப்படிப் பறிமுதல் செய்யக் கூடாது என்று அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது.

அடுத்து, அந்த 107 கையெழுத்து. இதுவும் அடுத்த வார விவகாரம் என்பதால் இரண்டாவதாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் இரண்டு தரப்புக்குச் சண்டை என்றால் இரண்டு பேரையும் கூப்பிட்டு, 'ஒரு வருடம் அமைதியாக இருப்போம்' என்று பத்திரம் எழுதி வாங்குவது பழைய வழக்கம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 107, இப்போது 2024 ஜூலை முதல் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 126-ஆவது பிரிவு. மற்றவர்களுக்கு அது வெறும் கையெழுத்துதான். அதனால்தான் ஊர்ப் பெரியவர்கள் நல்லெண்ணத்தில் 'போட்டுவிட்டு வா' என்கிறார்கள். துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவருக்கு அது வேறு. ஆயுதச் சட்டத்தின் 9-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அமைதி காப்பதற்கோ நன்னடத்தைக்கோ பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி உத்தரவிடப்பட்டவர், அந்தப் பத்திரக் காலம் முடியும்வரை துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. அதுவே 17(3)(அ) பிரிவில் லைசென்ஸை ரத்து செய்யவும் காரணம் ஆகிவிடும். இப்போது இருப்பது தற்காலிக நிறுத்தம். அந்த ஒரு கையெழுத்து அதை நிரந்தர ரத்துக்குக் கொண்டுபோய்விடலாம்.

என்ன செய்வது? ஆபீஸுக்குப் போங்கள், போகாமல் இருக்காதீர்கள். ஆனால் வக்கீலோடு போங்கள். உங்கள் மேல் என்ன தகவல் வந்திருக்கிறது என்பதை எழுத்தில் தரும் பி.என்.எஸ்.எஸ். 130-ஆவது பிரிவு உத்தரவின் நகலைக் கேளுங்கள். இரண்டு தரப்பும் சமாதானம் ஆகிவிட்டது, இப்போது அமைதி கெட வாய்ப்பே இல்லை, ஆகவே நடவடிக்கையைக் கைவிட வேண்டும் என்று இருவரும் சேர்ந்து ஒரு மனு கொடுங்கள். விசாரணை இல்லாமல் பத்திரம் கேட்டால், எனக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, 9-ஆவது பிரிவால் என் உரிமை பாதிக்கிறது, விசாரணை நடத்தியே உத்தரவு போட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இவ்வளவும் மரியாதையாக, குரல் உயர்த்தாமல். அந்த மேசையில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதும் ஏதாவது ஒரு வழியில் கலெக்டர் ஆபீஸ் பைலுக்கு வந்து சேரும்.

சரி, இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: விடுதலை ஆனால் லைசென்ஸ் தானாக வருமா?

வராது. வழக்கும் லைசென்ஸும் ஒரே சம்பவத்திலிருந்து கிளம்பினாலும் இரண்டும் இரண்டு கேள்வி. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்பது, 'இவர் இந்தக் குற்றத்தைச் செய்தார் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் ஆனதா?' கலெக்டர் ஆபீஸில் கேட்பது, 'இவர் கையில் துப்பாக்கி இருப்பது ஊருக்கு ஆபத்தா?' முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் இரண்டாவது கேள்விக்கும் தானாகப் பதில் வந்துவிடாது. சாட்சி பிறழ்ந்து, சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனவருக்கு லைசென்ஸ் மறுத்திருக்கிறார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே லைசென்ஸ் திரும்ப வாங்கியவர்களும் உண்டு. ஒருவர் மேல் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை ரத்து செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்பில் சொல்லியிருக்கின்றன. பொது அமைதிக்கு எப்படி ஆபத்து என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

உங்கள் உத்தரவு நகலைப் படித்தேன். இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் லைசென்ஸ் எண், முகவரி, எஃப்.ஐ.ஆர். எண் எல்லாம். காரணம் என்று பார்த்தால் ஒரே வாக்கியம்: குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதாலும், பொது அமைதிக்குக் குந்தகம் ஏற்பட வாய்ப்புள்ளதாலும். என்ன குந்தகம், எதை வைத்து என்று இல்லை. நீங்கள் விளக்கம் கொடுக்காததால் கலெக்டர் ஆபீஸில் உங்கள் பக்கம் காகிதமே இல்லை, போலீஸ் அறிக்கை மட்டும்தான் இருந்தது. நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டாம் என்று சொன்னவர் உங்களுக்குப் பெரிய கெடுதல் செய்துவிட்டார். இனி எந்த அரசு நோட்டீஸ் வந்தாலும் 'பதில் இல்லை' என்பதையும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அதிகாரி பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சீமையில் ஒரு மடைத் தகராறு எப்படி இரண்டு தெருத் தகராறாகி, ஒரு ஊர்த் தகராறாகி, பஸ் ஓடாமல் போகிறது என்பதை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒருவர் இடுப்பில் ரிவால்வர் இருந்தது என்று அறிக்கை வந்தால் எந்த கலெக்டரும் முதலில் நிறுத்தித்தான் வைப்பார். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆகவே கோபத்தோடு மனு எழுதாதீர்கள்.

இனி நீங்கள் பதில் சொல்ல வேண்டிய உண்மையான கேள்விக்கு வருகிறேன்: மடைக்கு ஏன் ரிவால்வரோடு போனீர்கள்?

இதை மேல்முறையீட்டில் கேட்பார்கள், விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர் கேட்பார், தாசில்தார் கேட்பார். 'எப்போதும் இடுப்பில்தான் இருக்கும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது உங்களுக்கு எதிராகவே போகும். அன்றைக்குக் கார் நெல் பாக்கிப் பணம் கொடுக்கப் போய்விட்டு வீடு திரும்பும் வழியில் மடைப் பக்கம் கூட்டத்தைப் பார்த்து இறங்கினீர்களா? அப்படியானால் அன்று காலை பேங்கில் பணம் எடுத்த பாஸ்புக் வரி, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கணக்கு நோட்டுப் பக்கம், எடைமேடைச் சீட்டு, பணம் வாங்கிய இரண்டு மூன்று விவசாயிகளின் உறுதிமொழி, இதெல்லாம் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். லைசென்ஸ் எந்தக் காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் காரணத்துக்காகவே அன்று அது உங்கள் இடுப்பில் இருந்தது என்பதை அந்த நோட்டுப் பக்கம்தான் சொல்லும். நூறு வாதத்தை விட அது மேல். நோட்டைக் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்பதில்லை. விளைவித்த விவசாயிக்கே நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு விலக்கு உண்டு, தரகருக்குக் கொடுத்தது அதில் சேராது.

அப்படி இல்லாமல், வீட்டிலிருந்து கிளம்பும்போதே தகராறு இருக்கிறது என்று தெரிந்து எடுத்துச் செருகிக்கொண்டு போனீர்கள் என்றால், அதையும் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சட்டையைத் தூக்கியதும் அப்படித்தான். எடுக்கவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் தூக்கினீர்களா இல்லையா என்பதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை, 'அவன் சொல்கிறான்' என்று நிறுத்திவிட்டீர்கள். துப்பாக்கியைக் காட்டுவதும் மிரட்டல்தான், அண்ணாச்சி. எதிரே நிற்கிறவனுக்கு உறை தெரிந்தால் போதும். நடந்தது எதுவோ அதை வைத்துத்தான் மனு எழுத வேண்டும். உண்மையை மறைத்தோ தவறான தகவல் கொடுத்தோ வாங்கிய லைசென்ஸை ரத்து செய்ய 17(3)(இ) என்று தனிப் பிரிவே இருக்கிறது. இன்றைக்கு ஒரு பொய்யை எழுதி லைசென்ஸ் வாங்கினால் அது அடுத்த எதிரிக்கு நீங்களே கொடுக்கிற ஆயுதம் ஆகிவிடும்.

மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு. கைக்கு வந்த நாளிலிருந்து என்று கணக்குப் போடாமல் உத்தரவுத் தேதியிலிருந்தே எண்ணுங்கள். 3 வாரம் போய்விட்டது, ஆகவே இருப்பது 9 நாள். தாமதம் ஆனாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்க 18-ஆவது பிரிவில் இடம் உண்டு. ஆனால் இருக்கிற நாளை ஏன் விட வேண்டும்? கலெக்டர் உத்தரவுக்கு நம் மாநிலத்தில் மேல்முறையீடு சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கிற வருவாய் நிர்வாக ஆணையரிடம் போவது வழக்கம். உத்தரவின் கடைசிப் பாராவில் யாரிடம் என்று எழுதியிருப்பார்கள், அதே பதவிப் பெயரை மனுவில் போடுங்கள். உங்கள் தரப்பை நேரில் கேட்காமல் மேல்முறையீட்டைத் தள்ளக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. மேல்முறையீடு போட்டதாலேயே நிறுத்தம் விலகிவிடாது, அவர்கள் தனியாக உத்தரவு போட்டால்தான் விலகும்.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கும் இன்றே ஒரு மனு அனுப்புங்கள். 17(5) பிரிவுப்படி நிறுத்தியதற்கான காரணச் சுருக்கத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்கலாம், கேட்டால் தர வேண்டும். பொது நலனுக்கு ஏற்றதல்ல என்று அவர்கள் கருதினால் மட்டுமே மறுக்கலாம். இதற்குச் செலவு ஒரு பதிவுத் தபால்தான்.

மேல்முறையீட்டில் நான் வைக்கக்கூடிய ஒரு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 17(3) பிரிவு, தகுந்தது என்று கருதும் 'காலத்துக்கு' நிறுத்தலாம் என்கிறது. காலம் என்றால் ஒரு கணக்கு வேண்டும். 'வழக்கு முடியும் வரை' என்றால் நம் கோர்ட்டு நிலவரத்தில் 3 வருடமா 8 வருடமா யாருக்குத் தெரியும்? அது பெயரில் நிறுத்தம், நடைமுறையில் ரத்து. ஆகவே ஒரு கால அளவு குறிப்பிட வேண்டும், அதற்குள் நடத்தையைப் பார்த்து மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்கலாம். முழு உத்தரவையும் ரத்து செய்யுங்கள் என்பது முதல் கோரிக்கை, இது மாற்றுக் கோரிக்கை. இரண்டையும் எழுதுங்கள்.

இனி அந்த வழக்கு. உங்கள் எஃப்.ஐ.ஆரில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 296(ஆ), 115(2), 351(3) போட்டிருக்கிறார்கள். ஆபாசமாகத் திட்டியது, காயம் ஏற்படுத்தியது, கொலை மிரட்டல். இதில் எல்லாப் பிரிவும் கீழ்க் கோர்ட்டிலேயே ராஜியில் முடிகிற பிரிவு அல்ல. ஆகவே சமாதானத்தை ஊர் மந்தையில் பேசியதோடு விடாமல், மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பி.என்.எஸ்.எஸ். 528-ஆவது பிரிவில் ரத்து மனு போடுவதுதான் சுத்தமான வழி. உங்கள் மேல் உள்ள வழக்குக்கு ஒன்று, தம்பி மேல் நீங்கள் கொடுத்ததற்கு ஒன்று, இரண்டையும் சேர்த்தே போடுங்கள். கூட்டுச் சமரச மனுவில் இருவரும் கையெழுத்திட்டு, ஆதார் அட்டையோடு நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். குடும்பத்துக்குள், பங்காளிகளுக்குள் நடந்த இந்த மாதிரித் தகராறில் நீதிமன்றம் பெரும்பாலும் சமரசத்தை ஏற்கும்.

ஆனால் அந்தச் சமரசத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் லைசென்ஸ் இருக்கிறது. வழக்கமாக எழுதும் வாசகம், 'இருதரப்பும் சமாதானமாகிவிட்டதால் வழக்கைத் தொடர விருப்பமில்லை' என்பது. அது வழக்கை முடிக்கும். துப்பாக்கியைக் காட்டினாரா இல்லையா என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடும். ரத்து உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகும், 'சமாதானம் ஆனது சரி, மிரட்டியது நடந்ததுதானே' என்று கலெக்டர் ஆபீஸில் கேட்பார்கள். ஆகவே உங்கள் தம்பி அன்று உண்மையில் எதைப் பார்த்தாரோ அதை அவருடைய பிரமாணப் பத்திரத்தில் ஒரு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். இடுப்பில் இருந்ததைப் பார்த்துப் பயந்தேன், அவர் அதைத் தொடவில்லை என்பதுதான் அவர் மனதில் இருக்கிறது என்றால் அப்படியே எழுதட்டும். அவர் மனதில் அது இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பொய்ப் பிரமாணத்தில் இரண்டு பேரும் மாட்டுவீர்கள், இப்போது கூடி வந்த உறவும் திரும்ப முறிந்துவிடும்.

இன்னொரு வழியையும் சொல்வார்கள்: 'குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடியும்.' வேண்டவே வேண்டாம். வன்முறை சம்பந்தப்பட்ட குற்றத்தில் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 வருடம் வரை துப்பாக்கி வைத்திருக்க 9-ஆவது பிரிவில் தடை இருக்கிறது, எத்தனை நாள் தண்டனை என்ற கணக்கே அதில் இல்லை. 'கோர்ட் கலையும் வரை' பெஞ்சில் உட்கார்ந்திருக்கச் சொல்கிறார்களே, அதுவும் சிறைத்தண்டனைதான். அபராதம் மட்டும் என்றாலும் உங்கள் பெயரில் ஒரு தண்டனை பதிவாகிவிடும், லைசென்ஸுக்குத் தகுதியில்லாதவர் என்று சொல்ல அது போதும்.

வழக்கு ரத்தான பிறகு சான்றிட்ட நகல் வாங்கி, ஒப்படைத்த ரசீது, கணக்கு ஆதாரம், தம்பியின் பிரமாணப் பத்திர நகல் எல்லாம் சேர்த்து நிறுத்தத்தை விலக்கக் கோரி கலெக்டருக்கு மனு கொடுங்கள். எஸ்.பி. ஆபீஸுக்கும் வருவாய்த் துறைக்கும் அறிக்கை கேட்டுப் போகும். ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அக்கம்பக்கத்திலும் கேட்பார்கள். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால், மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவு போடுங்கள் என்று மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அங்கே உங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கச் சொல்வதை விட, முடிவெடுக்கச் சொல்வதுதான் வழக்கம். அதனால் மனுவோடு கொடுக்கிற ஆதாரம் முழுமையாக இருக்க வேண்டும்.

லைசென்ஸ் காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா? நீங்கள் அனுப்பிய நகலில் வருகிற புரட்டாசியில் முடிகிறது. நிறுத்தத்தில்தானே இருக்கிறது என்று புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், நிறுத்தம் விலகும்போது விலக்குவதற்கு லைசென்ஸே இருக்காது, புதிதாக வாங்க வேண்டியதுதான். காலாவதிக்கு 60 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் கொடுங்கள். வழக்கு இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் இருக்கிறது என்று எழுதி, விவரத்தையும் இணையுங்கள்.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு இதெல்லாம் போலீஸ் கமிஷனரிடம் போகும். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போனவர்களுக்கு, லைசென்ஸ் பழைய திருநெல்வேலியில் வாங்கியதாக இருந்தாலும் இனி தென்காசி கலெக்டர்தான். துப்பாக்கியை வழக்குச் சொத்தாகவே போலீஸ் கைப்பற்றியிருந்தால் அதை வாங்கக் கோர்ட் உத்தரவும் தனியாக வேண்டும்.

அண்ணாச்சி, இந்தப் பிசானத்துக்கு உங்களுக்குத் துப்பாக்கி கிடைக்காது, அதை மனதில் வைத்தே தொழிலைப் பாருங்கள். பெரிய தொகையை விவசாயிகளின் பேங்க் கணக்குக்கே அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்பவர்களைப் பேங்க் வாசலுக்கே வரச் சொல்லிக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். பாதுகாப்பில்லாமல் பணத்தோடு அலைகிறீர்களே என்று எனக்கு உண்மையிலேயே கவலையாகத்தான் இருக்கிறது. அப்புறம், ரிவால்வர் திரும்ப வருகிற காலத்தில், பணம் கொடுத்து முடிந்ததும் முதலில் வீட்டுக்குப் போய் அதைப் பூட்டி வைத்துவிட்டு, பிறகு வயலுக்குப் போங்கள். மனுவில் இதையே ஒரு உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கலாம். விசாரிக்கிற அதிகாரிக்கு அது உங்களைப் பற்றி நிறையச் சொல்லும்.

இன்று இரவு தோட்டாக்களை எண்ணி, நீங்கள் கடையில் வாங்கிய கணக்கோடு ஒத்துப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஏன் என்று எழுதி வையுங்கள். நாளை ஸ்டேஷன் ரசீது கைக்கு வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், மேல்முறையீட்டு மனுவில் முதல் இணைப்பாக அதைத்தான் வைக்க வேண்டும்.